எல்லா மலைக்கும் ஒரே ஸ்கீயா?

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கிறேன். வயது 34, உயரம் 172 செ.மீ., எடை 76 கிலோ. காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு குளிர்காலம் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்தேன். நடுத்தரச் சரிவுகளில் இப்போது தடுமாறாமல் இறங்குகிறேன். சொந்தமாக ஒரு ஜோடி ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்க ஆசை. எந்தப் பனிக்கும் ஒத்துவரும் என்று 'ஆல் மவுண்டன்' வகையைச் சொல்கிறார்கள். இணையக் கடை ஒன்றில் 184 செ.மீ. நீளம், 104 மி.மீ. அகலமுள்ள புது ஜோடி தள்ளுபடியில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் மைத்துனரோ, தன் பழைய ஜோடியைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: தள்ளுபடி ஜோடியை விட்டுவிடுங்கள். மைத்துனரின் ஜோடியை எடுக்கலாமா என்பது அவர் சொல்லும் பதில்களைப் பொறுத்தது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் நீங்கள் வாங்க வேண்டியது பூட்ஸ்.

முதலில் அந்தப் பெயர். 'ஆல் மவுண்டன்' என்பது எந்தத் தர அமைப்பும் வரையறுத்துக் கொடுத்த முத்திரை அல்ல, 80 மி.மீ. ஸ்கீயிலும் ஒட்டியிருப்பார்கள், 100-ஐத் தாண்டியதிலும் ஒட்டியிருப்பார்கள். ஸ்கீயின் மேல்பரப்பிலோ பக்கவாட்டிலோ 130-88-113 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முன் நுனி, இடுப்பு, வால் ஆகிய மூன்று இடங்களின் அகலம் அது, மில்லிமீட்டரில். உங்களுக்கு முக்கியம் நடுவில் உள்ள இடுப்பு எண். அது 80-க்குக் கீழே இருந்தால், இயந்திரத்தால் சமன்செய்த கெட்டிப் பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சட்டென்று மாறும், இளம்பனியில் புதையும். 100-க்கு மேலே போனால் ஆழ்ந்த பனியில் மிதக்கும். கெட்டிப் பனியில் அதைச் சாய்ப்பதற்கே முழங்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் நீங்கள் தேடும் வகை.

அந்த இடைவெளிக்குள் எங்கே நிற்பது என்பதை நீங்கள் போகும் மலை முடிவு செய்யும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கோண்டோலாவின் (கம்பிவட ஊர்தி) முதல் கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். கீழே பயிற்சிச் சரிவுகள் மிதிபட்டு இறுகிக் கிடக்கும். மேலே பெரும்பாலும் விழுந்தபடியே கிடக்கும் இயற்கைப் பனி. கீழே பழகி, மெல்ல மேலே போகப்போகும் உங்களுக்கு 88 முதல் 96 வரை சரியாக இருக்கும். பல நிறுவனங்கள் இந்த எண்ணைப் பெயரிலேயே வைத்துவிடுகின்றன: வோல்கல் கென்டோ 88, நார்டிகா என்ஃபோர்சர் 94. உத்தராகண்டில் உள்ள ஔலியின் சரிவுகளோடு நிறுத்திக்கொள்பவராக இருந்தால் 80-ஐ ஒட்டியே வாங்கச் சொல்லியிருப்பேன். மேலே போவதென்றால் வழிகாட்டியும் பனிச்சரிவு அபாயத்துக்கான கருவிகளும் கட்டாயம். எந்த ஸ்கீயும் அதற்கு ஈடாகாது.

நீளம்: நிமிர்த்தி வைத்தால் ஸ்கீ உங்கள் மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடையே முடிய வேண்டும். உங்களுக்கு 168 முதல் 172 வரை போதும். முன் நுனி மேல்நோக்கி வளைந்த 'ராக்கர்' வகை, பனியில் குட்டையாகத்தான் நடந்துகொள்ளும் என்பதால் அதில் இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். 184 உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. தள்ளுபடியில் மிஞ்சுவது எப்போதுமே மிக நீளமும் மிகக் குட்டையும்தான். ஆடி மாதம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சட்டை தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பத்தின் ஆரம் (விளிம்பில் சாய்த்தால் ஸ்கீ இயல்பாகப் போடும் வளைவின் அளவு) 15 முதல் 18 மீட்டர் என்று இருக்கட்டும். உள்ளே இரண்டு உலோகத் தகடு வைத்த விறைப்பான ஸ்கீயை வேகமாகப் போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இனி பூட்ஸ். வாடகை ஸ்கீயில் ஒரு வாரம் சமாளித்துவிடலாம். காலுக்கு ஒவ்வாத வாடகை பூட்ஸில் ஒரு காலைப்பொழுதுகூடப் போகாது. சுவரோடு குதிகாலை ஒட்டிக் காகிதத்தின்மேல் நின்று, நீண்ட விரல் வரை செ.மீ.யில் அளந்து பாருங்கள். 26.5 வந்தால் உங்கள் பூட்ஸ் அளவும் 26.5. பிள்ளைகளுக்குப் பள்ளி ஷூ வாங்குவதுபோல் ஒரு அளவு கூட்டி வாங்கிவிடாதீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். பூட்ஸின் விறைப்பு எண் (ஃப்ளெக்ஸ்) 90-ஐ ஒட்டி இருக்கட்டும். போட்டுப் பார்க்காமல் பூட்ஸ் வாங்கவே கூடாது. வருடத்துக்கு ஒரு வாரம்தான் போகிறீர்கள் என்றால், பூட்ஸ் மட்டும் சொந்தமாக, ஸ்கீ வாடகைக்கு என்பதே கணக்குக்கு ஒத்துவரும்.

மைத்துனரிடம் கேட்க வேண்டியவை. பைண்டிங் (ஸ்கீயில் திருகிப் பொருத்தி, பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு) வாங்கி எத்தனை வருடம் ஆகிறது, அங்குள்ள கடை அதை இன்னும் சோதித்துத் தருகிறதா? அது தண்டவாளத்தில்போல் முன்பின் நகர்த்தக்கூடியதா, அல்லது அவருடைய பூட்ஸ் நீளத்துக்கென்றே திருகப்பட்டதா? உங்கள் பூட்ஸின் அடிப்பாகம் பழைய தட்டை வகையா (ஐ.எஸ்.ஓ. 5355), நடக்க வசதியான வளைந்த கிரிப்வாக் வகையா (ஐ.எஸ்.ஓ. 23223)? இரண்டாவதை எல்லாப் பைண்டிங்கும் ஏற்காது. இரண்டு ஸ்கீயின் அடிப்பாகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும் இடைவெளி இருந்து, கையால் அழுத்தினால் மூட வேண்டும். இடைவெளியே இல்லை, ராக்கர் வகையும் இல்லை என்றால் ஸ்கீ உயிர் போய்விட்டது. விளிம்பு எஃகில் விரிசலோ, அடுக்குகள் பிரிந்த தடமோ தெரிந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். சொந்தக்காரர் இலவசமாகக் கொடுப்பதை மறுப்பது கஷ்டம்தான், முழங்கால் அதைவிடக் கஷ்டம்.

ஸ்கீ தேறினால், பைண்டிங்கை அங்கேயே சரிசெய்து கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் (குதிகால் பக்கம் மி.மீ.யில் பொறித்திருக்கும்) ஆகிய ஐந்தும் போதும். விழும்போது பூட்ஸைச் சரியான நேரத்தில் விடுவிப்பதுதான் பைண்டிங்கின் வேலை. அந்த அழுத்தத்தை இவற்றை வைத்தே தீர்மானிக்கிறார்கள். பிராட்வே பக்கத்துப் பட்டறைகளில் ஒரு நூல் பிசகாமல் துளை போட்டுத் தருவார்கள் என்பது உண்மை. ஆனால் துளையின் ஆழம் ஸ்கீக்கு ஸ்கீ மாறும், அதற்கென்று அச்சும் சோதனை இயந்திரமும் வேண்டும். அங்கே கொடுக்காதீர்கள்.

மைத்துனர் வரும்போது தன் பெட்டியோடு கொண்டுவருவதே நல்லது. 'பரிசு' என்று எழுதிக் கூரியரில் அனுப்பினால் வரி கிடையாது என்ற பழைய நம்பிக்கை 2019 டிசம்பரோடு முடிந்தது.

கேள்வி: திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என் ஸ்கீயின் ஓரங்களில் பழுப்பாகத் துரு படிகிறது. பரணில் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த உறைதான் காரணம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. வெளியே எடுத்து நன்றாகத் துடையுங்கள். லேசான துருவை அதற்கென விற்கும் அழிப்பானால் தேய்த்தால் போகும். பிறகு அடிப்பாகத்துக்கும் எஃகு ஓரத்துக்கும் சேர்த்து மெழுகைத் தடிமனாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டு, துணிப்பையில் போட்டுக் கட்டிலடியில் வையுங்கள். பனிக்குப் போகும் முன் சுரண்டினால் போதும். பரணின் வெக்கை பூட்ஸுக்கும் ஆகாது. பாலியூரித்தேன் ஓடு ஈரமும் சூடும் பட்டுப் பட்டு உள்ளுக்குள் நொய்ந்துபோகும்; வெளியே பார்த்தால் தெரியாது. பத்து வருடத்தைத் தாண்டிய பூட்ஸ் என்றால், பக்கிள் போட்டு வளைத்துப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் 86 மி.மீ. இடுப்பு என்று விளம்பரம் பார்த்து ஸ்கீ வாங்கினேன். வந்தது 76. 'தள்ளுபடிப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். தள்ளுபடிக்கு அதில் விலக்கு கிடையாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஏற்புச் செய்தி வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, அளவுகோல் வைத்து எடுத்த ஸ்கீயின் புகைப்படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பைண்டிங் பொருத்த மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். ஒரு துளை விழுந்துவிட்டால், பயன்படுத்திய பொருள் என்று அவர்கள் வாதாட வழி கிடைத்துவிடும்.