புதுக்காட்டில் வான்கோழி: கேள்வி பதில்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஓசார்க் மலைப்பக்கம் பல வருடங்களாக வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போய் வருகிறேன். எனக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. எல்லாம் அரசாங்கக் காடுதான், அதிலும் பாதி நாள் முன்பின் பார்த்திராத இடம். சீசன் நெருங்குவதால் நம்மாட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஏப்ரல் கடைசியில் மார்க் ட்வைன் தேசியக் காட்டுக்கு முதல் தடவையாப் போறேன். மூணு நாள்தான் லீவு. மேப்பைத் திறந்தா எல்லாமே பச்சையா இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: தம்பி, அந்தக் காடு சுமார் 15 லட்சம் ஏக்கர், அதுவும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பச்சையைப் பார்க்காதீர்கள், பச்சை எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். மின்கம்பி போகும் வெட்டவெளி, மரம் வெட்டிய பழைய வண்டிப்பாதை, ஓடைக்கரைப் புல்வெளி, முகட்டில் இருக்கும் சின்னத் திறப்பு, இதெல்லாம் சாட்டிலைட் படத்திலேயே தெரியும். சேவல் தோகை விரித்து ஆடுவதற்கு நாலு பக்கமும் பார்வை போகிற இடத்தைத்தான் தேடும்.

இன்னொன்று. வனத்துறையினர் குளிர்கால முடிவில் திட்டமிட்டுத் தீ வைத்த பகுதிகள் எவை என்று அவர்களுடைய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கரிந்த தரையில் புதுத்தளிரும் பூச்சியும் வந்ததும் வான்கோழி தேடி வரும். இதைக் கேட்காமல் நான் வீணாக்கிய நாட்கள் ஏராளம்.

இப்படி ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை நம்பிப் போனால், அங்கே ஏற்கெனவே ரெண்டு வண்டி நிற்கும்போது அழத்தான் வேண்டும். முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள். துப்பாக்கி வண்டிக்குள் இருக்கட்டும். கோழி அடையும் நேரத்தில் முகட்டுச் சாலையில் நின்று ஆந்தை போல ஒரு குரல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் சேவல் தன்னை அறியாமல் பதிலுக்குக் கத்திவிடும். அரை மைல் தள்ளிப் போய் மறுபடியும் இதையே செய்யுங்கள். ஒரு சேவல் எந்த மரத்தில் அடைந்தது என்று தெரிந்துகொண்டு தூங்கப் போகிறவனுக்கு மறுநாள் பாதி வேலை முடிந்தது. மூன்று நாளில் ஒரு முழு நாளைக் காதுக்கே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கேள்வி: சத்தமே கேட்கலைன்னா? தரையில என்ன பார்க்கணும்?

பதில்: எச்சத்தைப் பாருங்கள். சேவலுடையது நீளமாக, நுனி வளைந்து, தமிழ் 'ட' மாதிரி கிடக்கும். பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக இருக்கும். ஈரமண்ணில் கால் தடம் இருந்தால் நடுவிரலை அளந்து பாருங்கள், இரண்டரை அங்குலத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சேவல். சருகைக் கிளறிய இடம் புதிதா பழையதா என்று தொட்டுப் பார்க்கலாம். அடியில் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தால் இன்றைக்குக் கிளறியது. வண்டிப்பாதைப் புழுதியில் கால் தடத்துக்கு இருபுறமும் சீப்பால் கோடு இழுத்த மாதிரி இருந்தால், சேவல் இறக்கையைத் தரையில் உரசியபடி ஆடிய இடம். அங்கேயே உட்காருங்கள், வேறெங்கும் போகாதீர்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கேன். துப்பாக்கி தொடலாமா?

பதில்: விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத கேள்வி இது. குடியேறாத விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதில் விலக்கு உண்டு. உரிமம் முடிந்த மறுநாள் விலக்கும் போச்சு. மாநிலச் சட்டம் தனி. முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடியுங்கள், உரிமம் வாங்குங்கள், ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். நண்பர்தானே என்று அவருடைய துப்பாக்கியை 'சும்மா கொஞ்ச நேரம்' வாங்கிப் பிடிப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

கேள்வி: நான் கூப்பிடக் கூப்பிட சேவல் பதில் சொல்லிட்டே இருக்கு, ஆனா கிட்ட வர மாட்டேங்குது. என் அழைப்பு சரியில்லையா?

பதில்: அழைப்பு சரியாகத்தான் இருக்கும், நீங்கள் உட்கார்ந்த இடம் தப்பு. இயற்கையில் சேவல் கத்தும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கி 'நீ வா' என்கிறோம். பாதையில் சின்னத் தடங்கல் இருந்தாலும் அது நின்றுவிடும்.

நான் வேட்டைக்குப் போன இரண்டாவது வருடம், விடிந்து பத்து நிமிடத்தில் ஒரு சேவல் என் சிலேட் (குச்சியால் உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் தட்டு) உரசலுக்கெல்லாம் கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, உரசு உரசு என்று உரசித் தள்ளினேன். எழுபது கஜத்தில் தோகை தெரிந்தது. அங்கேயே இடம் வலம் என்று முக்கால் மணி நேரம் உலாத்தியது. பிறகு நிஜப் பெட்டை ஒன்று வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் நடுவில் முழங்கால் அளவு ஓடை. வரைபடத்தில் மயிரிழை மாதிரி ஒரு நீலக்கோடு இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் இருட்டிலேயே ஓடையைக் கடந்து எதிர்க்கரையில், சேவல் ஆடிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்தேன். மெதுவாக மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டேன். ஒரு முறை கத்தியது, அப்புறம் சத்தமே இல்லை. இருபது நிமிடம் கழித்து, எங்கோ தூரத்தில் லாரி எஞ்சின் ஓடுகிற மாதிரி ஒரு 'ம்ம்ம்'. காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா என்று சொல்ல முடியாது. தோகை விரித்த சேவல் பக்கத்தில் வந்துவிட்டால் எழுகிற ஒலி அது. இடது பக்கம் பின்னாலிருந்து வந்தது. வெள்ளை உச்சந்தலை, நீலக் கன்னம், சிவந்த கழுத்து. ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்த நொடியில்தான் துப்பாக்கியைத் தூக்கினேன்.

ஆகவே ஓடை, வேலி, அடர்ந்த புதர், இதெல்லாம் உங்களுக்கும் அதற்கும் நடுவில் வேண்டாம். அதே உயரத்தில் அல்லது சற்று மேலே இருங்கள். பதில் வந்துவிட்டால் உங்கள் வாய் அடங்கட்டும். காலையில் பெட்டைகளோடு போய்விட்ட சேவல், அவை முட்டையிடப் பிரிந்ததும் பத்து மணிவாக்கில் தனியாக அலையும். எல்லாரும் காபி குடிக்கப் போகிற நேரம் அதுதான். பொதுக்காட்டில் மிசூரிச் சட்டப்படி பகல் ஒரு மணி வரைதான் நேரம், அதைக் கடைசி வரை பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் டெக்சாஸ் டல்லாஸ்ல இருக்கேன், தங்கச்சி சவுத் டகோட்டா ரேபிட் சிட்டில. ரெண்டு ஊர்லயும் இதே முறைதானா?

பதில்: பறவை ஒன்றுதான், கிளையினம் வேறு. உங்கள் பக்கம் ரியோ கிராண்டே. மரம் குறைந்த நாடு என்பதால் ஓடையோரப் பெரிய மரங்களில் தினமும் கூட்டமாக அடையும், பகலில் மைல் கணக்கில் நடக்கும். அந்த மரத்தைக் கண்டுபிடித்தால் போதும், ஆனால் மரத்தடியிலேயே சுட்டுக் கூட்டத்தை விரட்டிவிடாதீர்கள். டெக்சாஸில் நிலம் 95 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது, அதனால் அங்கே முதல் வேலை அனுமதி வாங்குவதுதான். தங்கச்சி இருப்பது பிளாக் ஹில்ஸ் மலை ஓரம். அங்கே மெரியம் கிளையினம், பாண்டரோசா பைன் மரங்களில் அடையும். பனி உருக உருக மேலே ஏறிக்கொண்டே போகும், போன வாரம் பார்த்த இடத்தில் இந்த வாரம் இருக்காது. பனி விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பார்வைக் கோழி (சேவலை ஏமாற்றி வரவழைக்கும் பொம்மை) வைக்கலாமா? என்ன நிறச் சட்டை?

பதில்: நம்மூரில் கவுதாரிக்குப் பார்வை வைப்பது போலத்தான், ஆனால் இங்கே பிளாஸ்டிக். திறந்தவெளியில் உதவும், அடர்காட்டில் சுமைதான். பொதுக்காட்டில் சேவல் பொம்மையை நான் வைப்பதே இல்லை, அதைப் பார்த்து யாராவது சுட்டுவிட வாய்ப்புண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலை நிறம். கைக்குட்டை, காலுறை வரை இவை உடம்பில் இருக்கக் கூடாது. தோளை விட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வேறு வேட்டைக்காரர் வந்தால் கையை ஆட்டாமல் உரக்கப் பேசுங்கள். வான்கோழிச் சத்தத்தை நோக்கி ஒருபோதும் பதுங்கிப் போகாதீர்கள். அந்தப் பெட்டைக் குரல் கொடுப்பது நானாகக் கூட இருக்கலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து கேட்கிறேன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுப் பறவையைத் தொட்டால் ஜெயில். அங்கே மட்டும் எப்படிச் சுட விடுகிறார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. இங்கேயும் அளவில்லாமல் சுட்டும் காட்டை அழித்தும் 1930களில் இந்தப் பறவையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள். கூண்டில் வளர்த்து விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு நிஜக் காட்டுப் பறவைகளை வலை வீசிப் பிடித்துப் புது இடங்களில் விட்டார்கள். மிசூரியில் பெக் ராஞ்ச் என்ற இடத்திலிருந்துதான் பல கூட்டங்கள் போயின. 1960இல் மறுபடி வேட்டை திறந்தது. துப்பாக்கி, தோட்டா மீதான, 1937ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென ஒதுக்கிய மத்திய வரியும் எங்கள் உரிமக் கட்டணமும் இந்த வேலைக்குத்தான் போகின்றன. வசந்தத்தில் சேவலை, அதாவது தாடி (நெஞ்சில் தொங்கும் முடிக்கொத்து) வெளியே தெரிகிற பறவையை மட்டுமே சுடலாம். இணை சேர்ந்த பெட்டைக்கு அடைகாக்கச் சேவல் தேவையில்லை. சமீப வருடங்களில் பல மாநிலங்களில் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, சில இடங்களில் ஒருவர் சுடக்கூடிய அளவையும் குறைத்துவிட்டார்கள். அது சரிதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: மழை, காத்து?

பதில்: மழையில் திறந்தவெளிக்கு வரும். காற்றில் பள்ளத்துக்கு இறங்கும். இடி இடித்தால் கத்தும், அப்போது நீங்கள் மரத்தடியில் இருக்காதீர்கள்.

கேள்வி: உண்ணி பயமா இருக்கு.

பதில்: பயப்படத்தான் வேண்டும். ஓசார்க்கில் லோன் ஸ்டார் உண்ணி நிறைய. அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது. பெர்மெத்ரின் மருந்தை முதல் நாளே துணிக்கு அடித்துக் காயவைத்துவிடுங்கள், உடம்பில் தடவக் கூடாது. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்.

கேள்வி: சமையல் எப்படிண்ணே? கடை டர்க்கி மாதிரியா?

பதில்: இல்லவே இல்லை. கொழுப்பு கிடையாது, நடந்து நடந்து இறுகிய கறி. நெஞ்சுக்கறியைச் சின்னதாக வெட்டி, மிளகு தூக்கலாகச் சுக்கா போடுங்கள். கொஞ்சம் கூட வதக்கினாலும் ரப்பர் ஆகிவிடும். தொடையும் காலும் குழம்புக்கு, குக்கரில் எட்டு விசிலாவது வேண்டும். காலில் நரம்பு ஈர்க்குச்சி மாதிரி நிற்கும், வெந்த பிறகு உருவி எடுத்துவிடலாம். கழுத்துப் பக்கத்துக் கறியை விரலால் தடவிப் பார்த்துப் போடுங்கள். உள்ளே தங்கிய துப்பாக்கி ரவை இருக்கலாம்; டங்ஸ்டன் ரவை பல்லை விடக் கெட்டி, போன வருடம் என் மச்சானுக்கு ஒரு கடைவாய்ப்பல் போனது.