நடுராத்திரிப் பசியும் மாலைக் காபியும்

மாலை 6 மணிக்குக் காபி, 5 மணி நேரத் தூக்கம், ராத்திரி 11 மணிக்கு இனிப்பு ஆசை, காலையில் எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கும் ஒரே சங்கிலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரும். தூக்கத்தில் கண்ணைச் சொக்க வைப்பது அதுதான். காபியில் உள்ள காஃபீன், அடினோசின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைத்துவிடும். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது 11 மணிக்கும் அரைக் கப் காபியின் காஃபீன் உள்ளேயே இருக்கிறது. தூக்கம் குறைந்தால் பலருக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும். அது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள, ஒரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை உசுப்பும். அவை விழிப்பையும் பசியையும் சேர்த்தே கிளப்பும், அதனால் மனக்கட்டுப்பாடு இல்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

மாலைக் காபியை 1 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சட்டென நிறுத்தினால் தலைவலிக்கும். விடுமுறையிலும் ஒரே நேரத்தில் எழுந்து, 30 நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். எரிச்சலோடு மனச்சோர்வும் சேர்ந்து 2 வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள்.