பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தாதான் ஐடி வேலைக்குப் போக முடியுமா?

அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட் ஆஃப் 200ல கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்ளோதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதுல சேரவே சேராது. பயோ மேத்ஸ் படிச்ச பசங்க சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) சேர்றது வருஷா வருஷம் நடக்குது. ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரிக்கும் ஜேஇஇ வேணாம், எந்த குரூப்பா இருந்தாலும் அவங்க வைக்கிற குவாலிஃபையர்ங்கற தகுதித் தேர்வுல பாஸ் பண்ணா சேரலாம்.

ஆனா நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தத்தான் பிளஸ் டூவுக்கு நடத்துறேன், அந்த ஆதங்கத்துல இன்னும் கொஞ்சம் சொல்லணும். 2018ல இருந்து வந்த புது சிலபஸ் நல்ல சிலபஸ், பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைத்தான்னு ரெண்டு புரோகிராமிங் லாங்குவேஜ், டேட்டாபேஸ்ல தகவல் தேடற எஸ்கியூஎல், கிராஃப் வரையறதுன்னு எல்லாமே இருக்கு. பரீட்சைதான் இடிக்குது. தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. கட் ஆஃப்ல சேராத பாடம்ங்கறதால வீட்லயும் சரி ஸ்கூல்லயும் சரி இத சென்டம் வாங்கிக் குடுக்கற பாடமாத்தான் பாக்குறாங்க, புக் பேக் ஒன் வேர்ட மனப்பாடம் பண்ணி ரெக்கார்ட் நோட்ல புரோகிராம அழகா காப்பி பண்ணிட்டா வேலை முடிஞ்சுது.

என் கிளாஸ்ல ஒரு பையன், அவங்க அப்பா மளிகைக் கடை வச்சிருக்கார். கடன் நோட்ட பைத்தான்ல எழுதிப் பாக்கட்டுமா சார்னு கேட்டான். சிஎஸ்வி ஃபைல்ல, அதாவது கமா போட்டுப் பிரிச்ச அட்டவணை மாதிரி ஃபைல்ல, பேரு, வாங்கின தொகை, கட்டின தொகை, பாக்கி எல்லாம் போட்டு ரெடி பண்ணிட்டான். ஓட்டிப் பாத்தா ஒருத்தர் பாக்கி மட்டும் எக்கச்சக்கமா வருது, என்னடான்னு தேடினா கடைக்கு ரெண்டு முருகன் வர்றாங்க, ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணா சேந்துடுச்சு. அவனே யோசிச்சு பேருக்குப் பதிலா ஃபோன் நம்பர வச்சுத் தேடற மாதிரி மாத்தினான். டா, ஒருத்தரோட இன்னொருத்தர் கலக்காம தனியா அடையாளம் காட்டற இதத்தான் புக்ல பிரைமரி கீன்னு சொல்றாங்கன்னேன், அவன் முகத்தப் பாக்கணுமே! ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டு இருந்தது அன்னிக்குத்தான் அவனுக்குப் புரிஞ்சுது. ஆனா அதுக்கெல்லாம் பரீட்சையில ஒரு மார்க் கிடையாது.

என்னைக் கேட்டா ரெண்டு வருஷமும் ஒரே லாங்குவேஜ் போதும், பைத்தானே இருக்கட்டும். ரெக்கார்ட் நோட்ட எடுத்துட்டு இந்த மாதிரி சொந்தமா செய்யற புராஜெக்டுக்கு 40 மார்க்காவது குடுக்கணும். பயாலஜி, காமர்ஸ், ஹிஸ்டரி எந்த குரூப் பசங்களுக்கும் வாரத்துல ரெண்டு பீரியட் கோடிங் வேணும், நாளைக்கு ஆஸ்பத்திரியிலயும் பேங்க்லயும் அவங்களும் டேட்டாவோடதான் மல்லுக்கட்டப் போறாங்க.

உங்க பிள்ளைக்கு பயாலஜி பிடிச்சிருந்தா பயோ மேத்ஸே சேருங்க, பைத்தான் ஃப்ரீதான், வீட்லயே கத்துக்கலாம். கம்ப்யூட்டர் குரூப்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா அட்மிஷன் போடும்போதே வாரத்துக்கு எத்தன பீரியட் லேப், ஒரு சிஸ்டத்துல எத்தன பேர் உக்காருவாங்க, பிளஸ் ஒன் பசங்களையும் லேப்புக்குள்ள விடுவீங்களான்னு கேளுங்க. முடிஞ்சா லேப்ப ஒரு எட்டு நேர்லயே பாத்துட்டு வாங்க.