புதுவையில் மீன், பண்ருட்டியில் பலா: விடுமுறைச் சாப்பாடு குறித்த கேள்வி பதில்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் விடுமுறையில் வருவோர் சாப்பாடு பற்றிக் கேட்டவற்றுக்கு, இப்பகுதி உணவகங்களுக்கு மீனும் காய்கறியும் கொள்முதல் செய்து பழகிய ஒருவர் அளித்த பதில்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: மே மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. புதுச்சேரிக்கு வந்தால் வஞ்சிரம் வறுவல் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்கிறார்கள். எந்த உணவகத்தில் நன்றாக இருக்கும், ஐயா?

உணவகத்தைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும், அம்மா. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் அந்நாள்களில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். ஆகவே மே மாதத்தில் உங்கள் தட்டுக்கு வரும் பெரிய வஞ்சிரத் துண்டு, பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்ததாகவோ மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கும். அது கெட்டுப்போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் கிடைக்கும் அதே மீனுக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கூடுதல் விலை கொடுப்பானேன் என்பதுதான் என் கேள்வி.

நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. கரையை ஒட்டிய கடலில் அவை பிடித்துவரும் நெத்திலி, கிழங்கான், சங்கரா, கானாங்கெளுத்தி போன்றவையே கோடையில் உண்மையான புது மீன்கள். பட்டியலில் அவற்றின் பெயர் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், பரிமாறுபவரிடம் "இன்றைக்கு வந்த சின்ன மீன் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். உடனே பெயரைச் சொல்லும் கடையில் நம்பி உட்காரலாம். நண்டும் பெரிய இறாலும் எடைக்கணக்கில் விற்கும் இடங்களில், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே எடையையும் விலையையும் கேட்டுக்கொள்வது நல்லது. பயணத்தைத் தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு ஒரு யோசனை: புரட்டாசியில் பலரும் அசைவத்தை விட்டுவிடுவதால் மீன் விலை இறங்கும்.

சென்னையிலிருந்து ஓர் இளைஞர்: கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு மாலையில் போகிறோம். கடற்கரைகளில் தட்டில் அடுக்கிவைத்துப் பொரித்துக் கொடுக்கும் மீனை நம்பிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் எதைச் சுட்டிக்காட்டிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிவக்க மசாலா பூசிய துண்டில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அது காலையில் வந்ததா, நேற்று மிஞ்சியதா என்பதை மசாலா முழுவதுமாக மறைத்துவிடும். முழு மீனாக வைத்திருப்பதைக் கேளுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை குழியாமல் மேலெழ வேண்டும். அதன்பிறகு உங்கள் கண்ணெதிரில் மசாலா தடவச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டுமே.

கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்களின் செயலால் சதையில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதித்த எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வந்தால், அதை வழக்கமான மீன் ஒவ்வாமை என்று நினைத்துவிடாமல் மருத்துவரிடம் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடித்ததும் நாக்கில் மிளகைப்போலச் சுருக்கென்று உறைத்தால் அந்தத் துண்டை அப்படியே வைத்துவிடலாம், காசு போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று: மீன்பெட்டியில் போடும் கட்டி ஐஸ் குடிப்பதற்காகச் செய்யப்படுவதன்று. பழச்சாற்றுக் கடையில் அப்படிப்பட்ட கட்டியை உடைத்துப் போடுவதைக் கண்டால் இளநீருக்கு மாறிவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: புதுச்சேரிக்கென்றே உள்ள சமையல் என்று சொல்கிறார்களே, அது பிரெஞ்சு உணவா? எங்கே கிடைக்கும்?

பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான வெள்ளை நகரப் பகுதியில் விற்கும் கிரேப் என்னும் மெல்லிய தோசையும் குவாசோன் என்னும் அடுக்கு ரொட்டியும் பிரெஞ்சு உணவுகள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் இந்த ஊரின் சொந்தச் சமையல் என்பது, வினிகரும் பூண்டும் சேர்த்துச் செய்யும் விந்தாய் போன்ற கிரியோல் (பிரெஞ்சும் தமிழும் கலந்த) குழம்புகளிலும், வியட்நாமின் சைகோன் வரை போய்ப் பிரெஞ்சு அரசில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த சாயோ என்னும் பொரித்த சுருளிலும் இருக்கிறது. இவை பெரும்பாலும் வீட்டுச் சமையலாகவே இருப்பதால், முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சமைத்துத் தரும் விருந்தினர் இல்லங்களை விசாரியுங்கள்.

இந்த வட்டாரத்துக் கைமணத்தை ஒரே வாயில் அறிய வேண்டுமானால் வடகம் தாளித்த மீன்குழம்பைத்தான் சொல்வேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கோடை வெயிலில் நாள்தோறும் உதிர்த்தும் மறுபடி உருட்டியும் காயவைப்பார்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் அதில் ஒரு சிட்டிகை கிள்ளிக் காய்ந்த நல்லெண்ணெயில் போட்டால், உளுந்து பொன்னிறமாகும்போதே வெந்தயத்தின் கசப்பும் வெங்காயத்தின் இனிப்பும் கலந்த மணம் வாசல் வரை வந்துவிடும். பிரான்சிலும் இதை ஒட்டிய ஒரு மசாலாவை "வடுவான்" என்ற பெயரில் விற்கிறார்கள். இத்தனைக்கும் வெள்ளை நகரத்துப் பட்டியல்கள் பலவற்றில் வடகத்துக்கு இடமில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பிரெஞ்சு உணவகத்தில் எதைக் கேட்டு வாங்குவது?

பெயரில் இறைச்சி இல்லை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கிரேப், கீஷ் என்னும் உப்புச்சுவைப் பை, பெரும்பாலான கேக்குகள் ஆகியவற்றில் முட்டை உண்டு; பிரெஞ்சு வெங்காய சூப்பை மரபுப்படி மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள்; சில பாலாடைக்கட்டிகளிலும் ஜெல்லி வகைகளிலும் விலங்குப் பொருள் சேரும். மாவும் உப்பும் ஈஸ்டும் நீரும் மட்டுமே சேரும் பாகெட் ரொட்டியும் காய்கறி சாலடும் உங்களுக்கு ஒத்துவரும். ஆரோவில்லில் சைவ உணவு எளிதாகக் கிடைக்கும். அங்குள்ள சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் போன்ற கண்ணாடி அமைப்பு சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமையலுக்குத் தருகிறது. விருந்தினர் அங்கே சாப்பிட முன்பதிவு வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஒரு மென்பொறியாளர்: ரசீதில் ஜிஎஸ்டி தவிர 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று போடுகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: பிற்பகல் மூன்றரைக்கு வந்து சேருவோம். மதியச் சாப்பாடு கிடைக்குமா?

வெள்ளை நகரத்தில் பல சமையலறைகள் அந்நேரம் மூடிக்கிடக்கும். கடற்கரைச் சாலையில் அரசு நடத்தும் 'லெ கஃபே'யில் ஏதாவது கொறிக்கலாம். வயிறாரச் சாப்பாடு வேண்டுமென்றால் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: சாப்பாட்டுக்காகக் கடலூர் பக்கம் போவதில் பொருள் உண்டா?

நிச்சயம் உண்டு. சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் தில்லை நடராசருக்குப் படைக்கும் மரபுடையவை. கொத்தமல்லி விதையை வறுத்துப் பொடித்துப் போட்ட கொத்சு, ஓட்டல் சாம்பாரில் கிடைக்காத ஒரு கனத்தைத் தரும். கோடையில் வந்தால் பண்ருட்டிப் பலா. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியில் ஏராளமான பலா, முந்திரி மரங்களைச் சாய்த்துவிட்டது. மீண்டும் நட்டு வளர்த்தவர்களின் காய்களும் இப்போது சாலையோரக் குவியல்களில் இருக்கின்றன. முழுப் பழம் வாங்கி விடுதி அறையில் வெட்டும் விபரீதத்தில் இறங்காமல், சுளையாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். முந்திரிப்பழம் விற்றால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அடியில் தொங்கும் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்க விடாதீர்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் உதடு புண்ணாகிவிடும்.