திருக்கடையூர் கல்யாணத்துக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "அப்பாவுக்கு 70 வயது ஆகிறது. பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் செய்ய முடிவு செய்திருக்கிறோம். சென்னையிலிருந்து நாங்கள் எட்டுப் பேர், கோவையிலிருந்து சித்தப்பா குடும்பம், மைசூரிலிருந்து அக்கா. ஒருவர் சீர்காழி என்கிறார், ஒருவர் சிதம்பரம், இன்னொருவர் காரைக்கால் வரை ரயில் இருக்கிறதே என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. எங்கே இறங்குவது, எந்த ரயில், திரும்பும்போது வைத்தீஸ்வரன் கோயிலையும் மாயூரநாதரையும் பார்க்க முடியுமா?"

முடியும். எல்லோரும் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்குங்கள், அதுவும் விசேஷத்துக்கு முந்தின நாளே, பகல் வெளிச்சத்தில். மற்றதெல்லாம் இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் வரும்.

சென்னையிலிருந்து வருகிறவருக்கு சீர்காழி முதலில் வரும், அங்கிருந்து திருக்கடையூருக்குச் சாலைத் தூரமும் மயிலாடுதுறையிலிருந்து போவதைவிடப் பெரிதாக வித்தியாசப்படாது, அதனால் அதைச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் மூன்று திசையிலிருந்து வருகிறார்கள். சென்னை, கோவை, மைசூர் மூன்றிலிருந்தும் நேரடி ரயில் இருப்பதும், மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரே வேனில் ஏற முடிவதும் மயிலாடுதுறையில்தான். சிதம்பரம் இன்னும் வடக்கே, வீணாகச் சாலைப் பயணம் கூடும். காரைக்கால் வரைபடத்தில் பக்கமாகத் தெரியும், சரிதான், ஆனால் சென்னையிலிருந்து போகும் காரைக்கால் ரயில் மயிலாடுதுறையைத் தொட்டுவிட்டுத்தான் திருவாரூர், நாகப்பட்டினம் என்று சுற்றிக்கொண்டு போகிறது. வாசலில் இறங்காமல் ஊரைச் சுற்றி வந்து கொல்லைப்பக்கமாக நுழைவது போல ஆகிவிடும்.

இப்போது சென்னை ரயிலைப் பார்ப்போம். இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விழுப்புரத்தைத் தாண்டியதும் திருச்சிக்கு இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன். இன்னொன்று கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைன். வைகை, பல்லவன், மலைக்கோட்டை எல்லாம் கார்டு லைனில் ஓடுகிறவை, அவை மயிலாடுதுறைப் பக்கமே வராது. "திருச்சி ரயில்தானே, வழியில் மாயவரம் வரும்" என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிட்டு, விருத்தாசலத்தில் பதறி இறங்கியவர்களைப் பற்றி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் தேடும்போதே திருச்சி என்று போடாமல் மயிலாடுதுறை என்றே போடுங்கள். ஸ்டேஷன் கோடு எம்.வி. ஊர் பெயர் 1982-ல் மாயூரத்திலிருந்து மயிலாடுதுறையாக மாறிவிட்டாலும், ரயில்வே கோடு மட்டும் பழைய மாயவரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது பிடித்த விஷயம்.

எழும்பூரிலிருந்து சுமார் 280 கி.மீ. காலையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் உங்களுக்காகவே விட்ட மாதிரி இருக்கிறது. மதியவாக்கில் மயிலாடுதுறை வந்துவிடும். அம்மா படுக்கையில் ஏறி இறங்க வேண்டாம், ராத்திரித் தூக்கம் கெடாது. மாலைக்குள் திருக்கடையூர் போய், அறையில் கால் நீட்டி, இரவு நேரத்தோடு தூங்கலாம். இதற்கு நேர் எதிர் உழவன், மன்னை போன்ற இரவு ரயில்கள். ராத்திரி சென்னையில் ஏறினால் விடியலுக்கு முன்பே, நல்ல தூக்கத்தில் இருக்கும்போது மயிலாடுதுறை வந்துவிடும். இளவட்டங்களுக்குப் பரவாயில்லை. 70 வயதுக்காரரை மூன்று மணிக்கு எழுப்பி இறக்கி, வேனில் ஏற்றி, குளிக்க வைத்து, காலை முழுக்கக் கலச அபிஷேகம், ஹோமம், மாலை மாற்றல் என்று உட்கார வைத்தால், அவர் தன் விசேஷத்தையே அரைத் தூக்கத்தில்தான் பார்ப்பார். விசேஷ நாள் காலையிலேயே வந்து இறங்கும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்டு லைன் இரட்டைப் பாதை. மெயின் லைனில் விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை ஆகி, மின்மயமும் ஆகிவிட்டது, ஆனாலும் எதிரில் வண்டி வந்தால் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் கிராசிங்குக்கு நின்றுதான் ஆக வேண்டும், ஒரு வண்டி தாமதமானால் அது எதிரே வரும் வண்டியையும் பிடித்து நிறுத்தும். எனவே "வண்டி இத்தனை மணிக்கு வரும், அத்தனை மணிக்கு முகூர்த்தம்" என்று நெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். அப்புறம், பராமரிப்பு வேலை நடக்கும் காலங்களில் சில ரயில்கள் எழும்பூருக்குப் பதில் தாம்பரத்திலிருந்து கிளம்புவதுண்டு. டிக்கெட்டில் ஏறும் ஸ்டேஷன் எது என்று முந்தின நாள் ஒருமுறை பாருங்கள்.

கோவைச் சித்தப்பாவுக்குக் கவலையே இல்லை. கோவை–மயிலாடுதுறை ஜனசதாப்தி காலையில் கிளம்பி மதியத்துக்குமேல் வந்து சேரும், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. நீங்கள் சோழனில் வந்தால் இரண்டு வண்டிக்கும் இடைவெளி அதிகம் இருக்காது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள். மைசூர் அக்கா பெங்களூரு, சேலம், திருச்சி வழியாக வரும் இரவு ரயிலில் வரலாம், காலையில் மயிலாடுதுறை. அவருக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்த வண்டி முன்பெல்லாம் மயிலாடுதுறையோடு நின்றுவிடும், நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது கடலூர் துறைமுகம் வரை போகிறது. பழைய நினைப்பில் தூங்கினால் சிதம்பரத்தில்தான் கண் விழிப்பார். கும்பகோணம் தாண்டியதும் பையை எடுத்துத் தயாராகிவிட வேண்டும்.

ஜங்ஷனிலிருந்து திருக்கடையூர் 20 கி.மீ.க்குச் சற்று மேல். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர் என்று போகும் சாலை. பொறையார், தரங்கம்பாடி போகும் பேருந்துகள் இந்த வழிதான், ஆனால் ஸ்டேஷன் வேறு, பேருந்து நிலையம் வேறு. நடுவில் ஆட்டோ வேண்டும். சீர்வரிசைத் தட்டும் மூட்டு வலியும் உள்ள குடும்பத்துக்கு அது சரிப்படாது. வேனை முன்கூட்டியே பேசி ஸ்டேஷனுக்கே வரச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால், முன்னால் வந்து சேரும் உறவினர் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கேட்டு, வண்டி எந்த பிளாட்பாரத்தில் வருகிறது என்றும் விசாரித்து வைத்தால், அம்மா படிக்கட்டு முன்னால் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.

"திருக்கடையூருக்கே ரயில் இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தது. 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை திறந்தார்கள். நான் மேலே சொன்ன ஊர்களை எல்லாம் தொட்டுக்கொண்டு திருக்கடையூரிலும் நின்று போனது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். மற்ற மீட்டர் கேஜ் பாதைகள் அகலமாகித் திரும்பி வந்தன, இது மட்டும் வரவில்லை. வாரம் தவறாமல் வயதான தம்பதிகள் மணமக்களாக வந்து உட்காரும் ஊர் அது. அவர்களைக் கோயில் பக்கத்திலேயே இறக்கிவிட்ட பாதையை இழந்தது பெரிய நஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். மீண்டும் போட வேண்டும்.

கோயில்களுக்கு வருவோம். விசேஷம் முடிந்து சாப்பிடும்போது மதியமாகிவிடும், அந்த நேரத்தில் எந்தக் கோயிலும் திறந்திருக்காது. அப்பா அம்மாவை நாலு மணி வரை அறையிலேயே படுக்க விடுங்கள். பிறகு வேனில் முதலில் வைத்தீஸ்வரன் கோயில், அங்கிருந்து மயிலாடுதுறை வந்து மாயூரநாதர். அம்பிகை மயிலாக வந்து சிவனைப் பூசித்த தலம், அம்மன் பெயர் அபயாம்பிகை. நேரமும் கால் தெம்பும் மீதி இருந்தால் திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ஊருக்குள்ளேயே இருக்கிறது. மூன்றையும் அவசரமாகப் பார்ப்பதைவிட இரண்டை நிதானமாகப் பார்ப்பதே மேல். தேதி ஐப்பசியில் விழுந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். துலாக்கட்டத்தில் காவிரி நீராட மாதம் முழுக்கக் கூட்டம் வரும். ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகமும் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கும் வந்தால் ஊருக்குள் வேன் நகராது, ரயிலில் இடமும் கிடைக்காது.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. அடுத்தது, திரும்பும் இரவு வண்டிக்கு அப்பா அம்மா இருவருக்கும் மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியாது. குடும்பத்தோடு சேர்த்து ஆறு பேராகப் போட்டு, அம்மாவுக்கு மேல் படுக்கை விழுந்தால் அப்புறம் பெட்டிக்குள் ஆள் ஆளாகக் கெஞ்ச வேண்டும்.

திரும்பும்போது தேதியில் கவனம் வையுங்கள். சென்னை போகும் இரவு வண்டிகளில் சில நள்ளிரவு 12 மணிக்கு முன்பும் சில அதற்குப் பின்பும் மயிலாடுதுறையைத் தொடும். பின்னால் வரும் வண்டியில் போவதென்றால் டிக்கெட்டில் மறுநாள் தேதி இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி கிளம்புகிறோம் என்று ஞாயிறு தேதியிலேயே எடுத்துவிட்டால், அந்த வண்டி நீங்கள் வருவதற்கு முந்தின ராத்திரியே போயிருக்கும்.