மாமிக்கு ரோபோ தேவையா?

கேள்வி: மாமிக்கு 67 வயது. மலம் கழிக்கக் குந்தினால் குடல் வெளியே வருகிறது. ஈரத்துணியால் தானே தள்ளி உள்ளே விடுகிறா. மூலம் என்று சொல்லி மூன்று வருசமாக எண்ணெய், லேகியம். சேலையில் பட்டுவிடும் என்று கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டா. போன மாதம் மட்டக்களப்பில் கிளினிக்கில் காட்டினோம். 'மலக்குடல் இறக்கம், லப்பரஸ்கோபியில் கட்டலாம்' என்றார் டொக்டர். கனடாவில் இருக்கும் மச்சாளோ சென்னைக்குக் கொண்டுபோய் ரோபோவால் செய்யச் சொல்கிறா. காணியை ஈடு வைத்தாவது போகலாமா? வெற்றிலைத் தோட்டத்தில் மாமி பழையபடி வேலை செய்வாவா?
— ஒரு மருமகள், களுதாவளை

பதில்: காணியை ஈடு வைக்காதீர்கள், தங்கச்சி. மிச்சத்தை ஆறுதலாகப் பேசுவோம்.

ரோபோ தானாக வெட்டுவதுமில்லை, தைப்பதுமில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைப்பார். கட்டிலின் மேல் நிற்கும் இயந்திரக் கைகள் அதே அசைவை வயிற்றுக்குள் செய்யும். லப்பரஸ்கோபியில் அவர் கட்டிலோரம் நின்று நீளக் கம்பிகளைத் தன் கையாலேயே பிடிக்கிறார். இரண்டிலும் வயிற்றில் சின்னத் துளைகள்தான். உள்ளே நடக்கிற வேலையும் ஒன்றுதான்: இறங்கிய மலக்குடலை மேலே தூக்கி, நாரிக்குக் கீழே உள்ள முக்கோண எலும்போடு சேர்த்துக் கட்டுவது. சிலர் தையலால் மட்டும் கட்டுவார்கள். சிலர் ஒரு வலைப் பட்டியின் ஒரு நுனியைக் குடலின் முன்சுவரில் தைத்து, மறு நுனியை எலும்பில் பொருத்துவார்கள். 2004இல் பெல்ஜியத்து வைத்தியர்கள் எழுதிய பிறகு பரவிய முறை இது.

பிறகு எதற்கு ரோபோ? தோணியில் துடுப்பை வலப்பக்கம் தள்ளினால் தண்ணீருக்குள் அதன் அலகு இடப்பக்கம் போகுமல்லவா, லப்பரஸ்கோபிக் கம்பியும் அப்படித்தான். துளையில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஆடும், நுனியும் மணிக்கட்டுப்போல மடங்காது. அந்தக் கம்பியால் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், வாய் ஒடுங்கிய குடத்துக்குள் தைப்பதுபோல, தையல் போடவேண்டும். ரோபோவின் நுனி மடங்கும், திரும்பும், கைநடுக்கத்தையும் வடித்துவிடும். தைக்கிறவருக்கு அது பெரிய சுகம், மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சுகம் நோயாளிக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? பின்லாந்தில் 30 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு விதமாகவும் செய்து பார்த்தார்கள். குடல் தன் இடத்துக்குத் திரும்பியதில் வித்தியாசம் தெரியவில்லை. மற்ற ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தாலும், திரும்ப இறங்குவதிலோ மலத்தை அடக்கும் சக்தி மீள்வதிலோ பெரிய இடைவெளி இல்லை. சிலவற்றில் ரோபோவில் இரத்தம் சற்றுக் குறைவாகப் போகிறது. பெரும்பாலும் நேரமும் செலவும் கூடுகின்றன. நமது அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காணியைக் கொடுக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

எனக்குக் கவலை தாமதத்தில்தான். குடல் இறங்கி இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை இழுபடுகிறது. சேலையில் படுவது அதனால்தான். கடவுச்சீட்டு, விசா, ஈட்டுக்காசு என்று இன்னும் ஆறு மாதம் போனால் அந்தத் தசை மேலும் தளரும். பிறகு எந்த இயந்திரத்தால் கட்டினாலும் அடக்கும் சக்தி முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அதனால் டொக்டரிடம் இயந்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்தச் சத்திரசிகிச்சையை வருசத்தில் எத்தனை தடவை செய்கிறீர்கள், வலை வைப்பீர்களா, வைத்தால் பின்னாளில் என்ன தொல்லை வரலாம் என்று கேளுங்கள். பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இந்த வயதில் வேறு கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாமியின் இதயமோ நுரையீரலோ முழு மயக்கத்தைத் தாங்காது என்றால், முதுகில் ஊசி போட்டுக் கீழ்வழியாகவே செய்யும் முறையும் உண்டு. அதில் திரும்ப இறங்கும் வாய்ப்புக் கூட என்றாலும் உடம்புக்குச் சுமை குறைவு.

ஒரு சின்ன உபாயம். கிளினிக்கில் படுக்கவைத்துப் பார்க்கும்போது பல பேருக்குக் குடல் வெளியே வராது. 'ஒன்றுமில்லையே, மூலம்தான்' என்று அனுப்பப்படுவது இப்படித்தான். மாமி சம்மதித்தால், வெளியே வந்திருக்கும் நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். மூலம் தனித்தனி முடிச்சாகத் தெரியும், இடையில் ஆரக்கால் மாதிரிக் கோடுகள் ஓடும். குடல் என்றால் கிணற்று வளையங்களை அடுக்கியதுபோல வட்ட வட்டமான மடிப்பு. டொக்டர் பார்த்ததும் படத்தை அழித்துவிடுங்கள், மச்சாளின் வட்ஸ்அப் குழுவுக்குப் போகவேண்டாம்.

என்றைக்காவது தள்ளியும் உள்ளே போகாமல் வீங்கி நின்றால், ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே நாம் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியை அதன்மேல் தூவினால் ஆச்சரியப்படாதீர்கள். சீனி நீரை உறிஞ்சும், வீக்கம் வற்றும், பிறகு தள்ளுவது லேசு. வீட்டில் அதைச் செய்துகொண்டு காத்திருக்கவேண்டாம். நிறம் கறுத்தாலோ வலி கூடினாலோ ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது.

கடைசிக் கேள்விக்கு: செய்வாதான். ஆனால் கட்டிய கட்டு பிடிக்க ஆறு கிழமையாவது வேண்டும், அதுவரை வாளி தூக்கவேகூடாது. முக்கவும் கூடாது. மலம் இளகிப் போகக் கீரை, பப்பாசி, நிறையத் தண்ணீர், டொக்டர் தரும் பாணி மருந்து. கோயிலுக்கு அதற்கு முன்பே போகட்டும். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் இந்தப் பருவம் உங்கள் கணவர் ஊற்றட்டும்.