புகைப்பெட்டிக்குப் போர்வை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் 800 வாட் எலக்ட்ரிக் ஸ்மோக்கர், அதாவது மரப்புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் மின்சாரப் புகைப்பெட்டி, ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வெளியே கூரையில்லாத இடத்தில் வைத்திருக்கிறேன். கோடையில் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் 107 டிகிரியை எட்டவே நெடுநேரம் ஆகிறது, காற்றடித்தால் எட்டுவதே இல்லை. ஆகவே கண்ணாடி இழைப் போர்வையை இரண்டு அடுக்காகச் சுற்றினேன். வெப்பம் இப்போது அசையாமல் நிற்கிறது. ஆனால் என் மகள், “அவித்த கறி மாதிரி இருக்கிறது, புகை வாசனையே இல்லை” என்கிறாள். மரச்சில்லு சரியில்லையோ என்று சந்தேகப்படுகிறேன். மூன்றாவது அடுக்காகத் தெர்மாகோல் வைத்து, புகை வீணாகாதபடி மேலே உள்ள துளையையும் அடைத்துவிடலாமா? அல்லது பெட்டியையே கார் ஷெட்டுக்குள் கொண்டுபோய்விடலாமா? மின்சாரத்தில் ஓடுவதுதானே? சில நாட்கள் சுவிட்சைப் போட்டதுமே டிரிப் ஆகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

கார் ஷெட் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மற்ற எதில் பிசகினாலும் கறிதான் கெடும், இதில் பிசகினால் உயிர் போகும். பெட்டியை எந்த நான்கு சுவருக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். மின்சாரம் தருவது சூட்டை மட்டுமே, உள்ளே புகைவது மரம். மரம் கனன்று புகையும்போது கார்பன் மோனாக்சைடு வரத்தான் செய்யும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

தெர்மாகோலுக்கும் அதே பதில்தான். 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், பற்றிக்கொண்டால் கரும்புகையாக எரியும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டதற்குக் காரணம் உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரி. கோளாறு என்ன என்பதை அவள் சொல்லிவிட்டாள். நீங்களோ மரச்சில்லின்மேல் பழியைப் போட்டுவிட்டு மூன்றாவது அடுக்குக்கு அளவெடுக்கப் போய்விட்டீர்கள். சூட்டைச் சேமிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் வழி தவறுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச காலமாகவே ஓர் எண்ணம் உண்டு. எழுத ஒரு சாக்குக் கிடைக்காமல் இருந்தது, நீங்கள் கொடுத்தீர்கள்.

உங்கள் பெட்டியில் இருக்கும் காயில் ஒன்று, அது பார்க்கும் வேலை இரண்டு. பெட்டியைச் சூடாக்குவதும் அதுதான், தன்னை ஒட்டியிருக்கும் தட்டில் மரச்சில்லைக் கனலவைப்பதும் அதுதான். (புகைக்கென்றே தனியாக ஒரு கலம் பொருத்திய பெட்டிகளும் உண்டு, அவற்றுக்கு நான் சொல்லப்போவது பொருந்தாது, உங்களுடையது அந்த வகை இல்லை என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது.) பெட்டிக்குள் நிலவும் 107 டிகிரியில் மரம் புகையாது. 200 டிகிரிக்கு மேலே போனால்தான் அது சிதைந்து உருப்படியாகப் புகைவிடும், அந்தச் சூடு காயில் எரிகிற நேரத்தில் அந்தத் தட்டில் மட்டும்தான் கிடைக்கும். தெர்மோஸ்டாட்டுக்கு இந்த இரண்டாவது வேலையைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. பெட்டி போதுமான அளவு சூடாகிவிட்டது என்று கண்டதும் காயிலை அணைத்துவிடும், தட்டு ஆறும், புகை மெலிந்து நின்றுபோகும். பெட்டி சூட்டை இழந்தால்தான் காயில் மறுபடி எரியும், மரமும் மறுபடி புகையும். சுவர் வழியே கசிகிற சூட்டைத்தான் நீங்கள் புகைக்கு விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு அடுக்குப் போர்வையால் அந்தக் கசிவை நிறுத்தியதும் காயிலுக்கு வேலை குறைந்தது, மரத்துக்கும் வேலை குறைந்தது, கறி தன் ஈரத்திலேயே மெல்ல வெந்தது. அதற்கு ‘அவித்த கறி’ என்பதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க என்னாலும் முடியாது.

என் நண்பர் ஒருவர் எதையும் பாதியில் விடாத பொறியாளர். தம் பெட்டியைச் சுற்றி ராக்வூல் என்னும் பாறை இழைப் பஞ்சை வைத்து, அதன்மேல் தகரம் அடித்து, மூலைகளையெல்லாம் மடித்துத் திருகாணி போட்டிருந்தார். பெட்டி முழுச் சூட்டில் இருக்கும்போதும் வெளித்தகரம் சில்லென்று இருக்கும், வருகிறவர்களையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஒருநாள் சமையல் முடிந்து அவர் மரத்தட்டை உருவி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காயிலை ஒட்டிய ஓரத்தில் நாலைந்து சில்லுகள் கரியாகியிருந்தன. அடுத்த வரிசைக்கு விளிம்பு மட்டும் பழுப்பேறியிருந்தது. மீதியெல்லாம் பையிலிருந்து கொட்டிய நிறத்திலேயே வெளிர்மஞ்சளாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார். தச்சுப் பட்டறையின் வாசனை வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் தேடி உள்ளே போனார்.

குளிரைக் கண்டு இவ்வளவு அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. வெளியே 25 டிகிரி என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 82, வெளியே மைனஸ் 10 என்றால் 117. சூட்டிழப்பு இந்த வித்தியாசத்தை ஒட்டியே கூடுவதால், ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாகும். கோடையில் பாதி நேரம் எரிந்த காயில் குளிரில் 70 சதவீத நேரம் எரியும், அவ்வளவுதான். எரியட்டுமே! அந்த அதிகப்படி நேரத்தில்தான் உங்கள் மரம் ஒழுங்காகப் புகைகிறது. மின்சாரப் புகைப்பெட்டியில் புகை போதவில்லை என்று கோடை முழுவதும் புலம்புகிறவர்கள், குளிர்காலம் தானாகக் கொண்டுவந்து தரும் புகையைப் போர்வை போட்டுத் துரத்துவது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

உங்களுக்குத் தொல்லை கொடுப்பது காற்று. சுவரை ஒட்டி மெல்லியதாக நிற்கும் வெதுவெதுப்பான காற்றுப்படலத்தை அது ஓயாமல் உரித்துக்கொண்டே போகிறது, பிறகு எந்தக் காயிலாலும் ஈடுகொடுக்க முடியாது. காற்று வரும் பக்கமாகத் தகரமோ சிமென்ட் பலகையோ ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மரப்பலகை வைக்காதீர்கள். இதைச் செய்துவிட்டு ஓர் அடுக்குப் போர்வையைக் கழற்றிப் பாருங்கள், நீங்கள் கேட்ட வெப்பமும் வரும், உங்கள் மகள் கேட்ட புகையும் வரும்.

போர்வையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றைச் சுவர்ப் பெட்டியாக இருந்தால், மேல்தட்டு குளிர்ந்து கிடக்கும்போது புகையில் உள்ள நீராவியும் தாரும் அதில் படிந்து, கருப்பாகத் திரண்டு, கறியின்மேலேயே சொட்டும். அந்தச் சொட்டு பட்ட இடம் கசந்து நாக்கு மரத்துப்போகும். ஆகவே மேல்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டுகள் ஆகியவற்றுக்கு ஓர் அடுக்கு போதும். வெல்டிங் வேலைக்கு விற்கும் போர்வை நல்லது. கதவு, கட்டுப்பாட்டுப் பெட்டி, அடியில் காற்று புகும் இடம் ஆகிய எதையும் மூடாதீர்கள். கையேட்டில் போர்த்தக் கூடாது என்று எழுதியிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது, காற்றுத்தடுப்பு மட்டும் போதும். போர்வை நனையவும் கூடாது, ஏனெனில் நீர் அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

மேல்துளையை அடைக்கும் எண்ணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. புகை கறியின்மேல் படிவது அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். துளையை அடைத்தால் மரத்துக்குக் காற்று கிடைக்காது, மூச்சுமுட்டிய மரம் அடர்வெள்ளைப் புகையைக் கக்கும், ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரில் வழியும், மேலே சொன்ன கருஞ்சொட்டு இன்னும் அதிகமாகும். துளை திறந்தே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். நீர்த்தட்டில் குளிர்ந்த நீரை ஊற்றுகிறீர்கள் என்றால், 5 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 95 டிகிரிக்குக் கொண்டுவர உங்கள் 800 வாட்டும் முழுதாக எட்டு நிமிடம் உழைக்க வேண்டும், ஆகவே கொதிக்கும் நீரையே ஊற்றுங்கள். கூரையில்லாத இடம் என்றால் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது மெல்லியதாக இருந்து மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் காயிலின் திறன் 19 சதவீதம் குறையும், குளிரின்மேல் நீங்கள் போடும் பழியில் ஒரு பங்கு அந்த வயருக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். தடித்த வயர் வாங்குங்கள், குட்டையாக வாங்குங்கள். பெட்டி சூடேறிய பிறகே கறியை உள்ளே வையுங்கள், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் அது நெடுநேரம் கிடக்கக் கூடாது.

டிரிப் ஆவது பற்றி: காயிலின் உலோகக் குழாய்க்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரக்குளிரில் பெட்டி நாட்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசியும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் தன் கடமையைச் செய்கிறது. அந்தச் சுவிட்சைத் தவிர்த்து நேராக இணைத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மின்பணியாளரை அழைத்துக் காயிலின் கசிவைச் சோதித்துப் பாருங்கள், தேவையென்றால் மாற்றிவிடுங்கள். பெட்டியை உபயோகிக்காத நாட்களில் நனையாத இடத்தில் வையுங்கள், சமையல் முடிந்ததும் போர்வையைக் கழற்றித் தனியாக உலர்த்துங்கள். ஈரப் போர்வைக்குள் ஆறிப்போன பெட்டி துருவும் பிடிக்கும், அடுத்த முறை டிரிப்பும் ஆகும்.